வீட்டு மீன் தொட்டிக்கு நாமே செய்யும் நிலா விளக்கு: முழுமையான வழிகாட்டி

பெரிய விளக்கை அணைத்த பிறகுதான் மீன் தொட்டியில் பாதிப் பேர் வேலைக்குக் கிளம்புகிறார்கள். பகல் முழுக்க மரக்கட்டைக்கு அடியில் ஒட்டிக் கிடந்த சக்கர் மீன் கண்ணாடியை மேயத் தொடங்கும். கூலி லோச் மணலைத் துழாவும். ஆரால் மீன் மணலுக்குள்ளிருந்து மூக்கை நீட்டும். இதையெல்லாம் பார்க்க மங்கலான விளக்கு ஒன்று வேண்டும். கடையிலும் கிடைக்கிறது. ஆனால் 'மூன் லைட்' என்ற பெயரில் விற்பவற்றில் பல, ஒரு சின்ன அறைக்கே போதும் என்கிற அளவுக்கு நீல வெளிச்சத்தைக் கொட்டுகின்றன. நாமே செய்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் பழைய வைஃபை ரௌட்டரின் அடாப்டர் கிடந்தால் செலவும் பெரிதாக இல்லை.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள சாதாரண நன்னீர்த் தொட்டியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். பெரிய தொட்டிக்கும் மின்சுற்று இதேதான். எல்இடிகளைப் பொருத்தும் பட்டியின் நீளம் மட்டும் மாறும்.

மீனுக்கா, நமக்கா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிலா விளக்கு நமக்குத்தான். மீனுக்கு இரவில் வேண்டியது இருட்டு.

நாம் தொட்டியில் வளர்க்கும் மீன்களுக்கு இமை கிடையாது. வெளிச்சம் தொந்தரவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. போதாக்குறைக்கு, மூளையின் மேல்பகுதியில் இருக்கும் பினியல் என்ற உறுப்பு, மண்டையோட்டைத் தாண்டி வரும் வெளிச்சத்தைத் தானாகவே உணர்ந்துகொள்ளும். இருட்டானால் அது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், வெளிச்சம் பட்டால் குறைத்துக்கொள்ளும். பெர்லினில் உள்ள லைப்னிட்ஸ் நன்னீர் சூழலியல் நிறுவனத்தில் பெர்ச் மீன்களை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. இரவில் வெறும் 1 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் பட்டாலே அவற்றின் மெலடோனின் குறைந்துவிடுவதை அதில் கண்டார்கள். தெருவிளக்குக்கு நேர்கீழே நின்றால் நம்மேல் விழுவது இதைவிடப் பல மடங்கு.

ஆனாலும் மீன்களுக்கு இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, பெரிய விளக்கு சட்டென்று அணையும்போது ஏற்படும் மிரட்சி குறைகிறது. கடையில் 'ஷார்க்' என்று விற்கும் பங்காசியஸ், சில்வர் ஷார்க் இரண்டும் இந்த விஷயத்தில் ரொம்ப மோசம். ஸ்விட்சைத் தட்டினால் தலைதெறிக்க ஓடிக் கண்ணாடியில் மோதும், மூடி இல்லாவிட்டால் வெளியேகூடக் குதிக்கும். பக்கத்தில் மங்கலான விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இந்தக் கலவரம் நன்றாகவே அடங்கும்.

இரண்டாவது, இரவில் வரும் ஆபத்து நம் கண்ணில் படும். விளக்கு அணைந்ததும் செடிகள் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிட்டு, மீன்களைப் போலவே அதைச் செலவழிக்க ஆரம்பித்துவிடும். 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.6தான். கோடையில் செடி அடர்ந்த தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பெரும்பாலும் பின்னிரவில்தான். தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போது தொட்டியை ஒரு பார்வை பார்க்க முடிந்தால் ஏர் பம்ப்பைப் போட்டுவிடலாம்.

நிலா எவ்வளவு வெளிச்சம்?

பௌர்ணமி நிலவு உச்சியில் இருக்கும்போது தரையில் விழும் வெளிச்சம் சுமார் கால் லக்ஸ். சூரியனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு குறைவு. இப்போது நம் எல்இடியைப் பார்ப்போம். 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி ஒன்று, 20 மில்லி ஆம்பியரில் முழுதாக எரிந்தால் தோராயமாக 4, 5 லூமன் (விளக்கு வெளிவிடும் மொத்த வெளிச்சத்தின் அலகு) தரும். அப்படி இரண்டு வெள்ளையும் ஒரு நீலமும் போட்டு, அந்த வெளிச்சம் 2 சதுர அடி நீர்ப்பரப்பில் சீராகப் பரவினால் 50 லக்ஸ் பக்கம் வரும். அதாவது 200 பௌர்ணமி. பேட்டரி பொம்மையில் போடும் மூன்றே மூன்று எல்இடிக்கே இந்தக் கணக்கு. 60 எல்இடி கொண்ட ஒரு மீட்டர் ஸ்ட்ரிப்பை அப்படியே தொட்டி மூடியான ஹூட்டுக்குள் ஒட்டி, விடிய விடிய எரியவிடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆக, இந்த விளக்கில் கஷ்டமான வேலை பிரகாசத்தைக் கொண்டுவருவதல்ல, குறைப்பதுதான். கீழே வரும் சுற்றும் அதற்காகவே.

நீலமா, வெள்ளையா?

சினிமாவில் இரவுக் காட்சி என்றால் நீல விளக்குப் போடுவார்கள். நாமும் அதைப் பார்த்தே பழகிவிட்டோம். நிலவொளி என்பது நிலவில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான். நிறத்தில் அது சூரிய ஒளியைவிடச் சற்றே செம்மை கூடியது. அரை இருட்டில் நம் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் ஓய்ந்து, நீலப்பச்சைப் பக்கம் கூர்மையான வேறு செல்கள் வேலையை ஏற்பதால் நமக்கு அது நீலச்சாயலாகத் தெரிகிறது. அதனால் நீலம் மட்டுமே போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எனக்குப் பிடித்த கலவை, நடுவில் ஒரு நீலம், இரு பக்கமும் ஒவ்வொரு வெள்ளை. நீலம் மட்டும் போட்டால் மணல், செடி, மீன் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். சிவப்பு மீன் கறுப்பாகத் தெரியும். வெள்ளை சேர்ந்தால் பச்சையும் பழுப்பும் கொஞ்சம் தங்கும்.

சிவப்பு விளக்கு மீனுக்குத் தெரியாது என்றும் ஒரு பேச்சு உண்டு. நன்னீர் மீன்களில் பலவற்றுக்கு அது பொருந்தாது. தங்கமீனுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும்.

பாசி வருமே என்று சிலர் கேட்பார்கள். கால் லக்ஸ், அரை லக்ஸில் பாசி வளராது. ஸ்ட்ரிப்பை முழு வேகத்தில் இரவெல்லாம் எரித்தால் வரும். அது விளக்கின் குற்றம் இல்லை.

மின்சாரத்தில் ஒரு கண்டிப்பு

தண்ணீருக்கு மேலே 230 வோல்ட் வரக்கூடாது. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய குண்டு 'ஜீரோ வாட்' பல்பு, பண்டிகைக்குப் போடும் சீரியல் செட், நேரடியாக பிளக்கில் செருகும் ரோப் லைட் மூன்றுமே தொட்டிக்கு ஆகாது. இவற்றில் எல்இடி வைத்தவைகூட உள்ளே வெறும் கெபாசிட்டரையோ டயோடையோ வைத்து மின்சாரத்தைக் குறைப்பவையே தவிர, வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்துத் தருபவை அல்ல. ஒயர் உரிந்து தண்ணீரில் பட்டால் தொட்டி முழுக்க மின்சாரம் ஏறும்.

நமக்கு வேண்டியது 12 வோல்ட் டிசி அடாப்டர். ரௌட்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி கேமராவோடு வரும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம். நாம் எடுக்கப்போவது அதில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. புதிதாக வாங்கினால் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடாப்டரைத் தொட்டிக்கு மேலேயோ நேர் கீழேயோ வைக்காமல் பக்கத்தில், நீர் சிந்தினாலும் படாத இடத்தில் வையுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால், இந்த விளக்குக்காக இல்லாவிட்டாலும் ஹீட்டருக்காகவும் ஃபில்டருக்காகவும் போட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி இரண்டு, நீலம் ஒன்று; கெட்டால் மாற்ற ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு கூடுதல். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று; அதன் மேல் பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையங்கள் இருக்கும். 100 கிலோ ஓம் திருகு ஒன்று. ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல் இருக்கிறதே, அதேதான். கடையில் 'பாட்' என்று கேட்டால் தருவார்கள், கூடவே ஒரு குமிழும் வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய சிவப்பு-கறுப்பு ஸ்பீக்கர் ஒயர் இரண்டு மீட்டர். சிசிடிவிக்குப் போடும் ஸ்க்ரூ வைத்த டிசி பின், அடாப்டரின் முனை அதில் செருகுவதாக இருக்க வேண்டும். ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்) கொஞ்சம். சென்னையில் ரிச்சி தெருவில் ஒரே கடையில் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் டிவி பழுது பார்ப்பவரிடம் கேட்டால் கடையைக் காட்டுவார்.

உறைக்கு, சுவரில் ஒயர் ஓட்ட எலெக்ட்ரீஷியன்கள் அடிக்கும் பிளாஸ்டிக் கேசிங் கேப்பிங் பட்டி ஒரு அடி. பிவிசி பைப்பைவிட இது வசதி; மூடியைக் கழற்றி உள்ளே நிதானமாக வேலை செய்துவிட்டு, டக்கென்று மூடிவிடலாம். கருவிகளில் சாலிடரிங் அயர்ன், ஈயம், 5 மில்லிமீட்டர் துளை போடும் டிரில், மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாமலும் செய்யலாம், இருந்தால் நிம்மதி.

கணக்கு

வெள்ளை, நீல எல்இடிகள் ஒவ்வொன்றும் முழுதாக எரிய 3 முதல் 3.4 வோல்ட் வரை பிடிக்கும். மங்கலாக எரியும்போது 2.6, 2.7 போதும். வெள்ளை எல்இடி என்பது உள்ளே மஞ்சள் பூச்சு பூசிய நீல எல்இடிதான். அதனால் இரண்டையும் ஒரே வரிசையில் கோக்கத் தடையில்லை. மூன்றைத் தொடராக இணைத்தால் ஏறக்குறைய 8 முதல் 9 வோல்ட். 12 வோல்ட்டில் மீதி 3, 4 வோல்ட்டை ரெசிஸ்டரும் திருகும் தாங்கும்.

திருகை ஒரு முனைக்குத் திருப்பினால் 1 கிலோ ஓம் மட்டும் மிஞ்சும். அப்போது சுமார் 3.3 மில்லி ஆம்பியர் ஓடும். மறுமுனையில் 101 கிலோ ஓம், 0.04 மில்லி ஆம்பியர். எல்இடியின் வெளிச்சம் ஏறக்குறைய மின்னோட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பதால், நம் தொட்டியில் இது தோராயமாக 8 லக்ஸிலிருந்து 0.1 லக்ஸ் வரை. பௌர்ணமி இதற்குள் அடங்கிவிடுகிறது, பிறை இதைவிடவும் மங்கல்.

அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை 'திருகுதான் இருக்கிறதே' என்று விட்டுவிடாதீர்கள். திருகு பூஜ்யத்துக்கு வரும்போது எல்இடியைக் காப்பது அது ஒன்றுதான். பழைய, கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் 12 என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 16 வோல்ட்கூடத் தரும். அதற்கும் இந்த ரெசிஸ்டர் தாங்கும். 7 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும்.

செய்முறை

1. பட்டியின் மூடியில், நடுவில் ஒன்று, அதிலிருந்து இரு பக்கமும் 3 அங்குலம் தள்ளி ஒவ்வொன்று என மூன்று துளைகள் போடுங்கள். எல்இடி உள்ளிருந்து நுழைந்து, அடிவிளிம்பு தட்டி நிற்க வேண்டும்.

2. எல்இடியின் தலை கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் வெளிச்சம் குறுகலாகக் குவியும். மணலில் வட்டம் வட்டமாக விழும். நைஸான உப்புத்தாளில் தலையை லேசாகத் தேய்த்தால் பால் போல மங்கி வெளிச்சம் விரியும். ரொம்பத் தேய்க்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

3. எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ். கால் வெட்டிய எல்இடி என்றால் அடிவிளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ். முதல் எல்இடியின் நெகட்டிவ் இரண்டாவதன் பாசிட்டிவுக்கு, இரண்டாவதன் நெகட்டிவ் மூன்றாவதன் பாசிட்டிவுக்கு என ஒயரால் இணையுங்கள். சாலிடர் வைக்கும் முன் ஹீட் ஷ்ரிங்க் துண்டை ஒயரில் கோத்துவிட வேண்டும். பிறகு உள்ளே போகாது. அயர்னை இரண்டு மூன்று நொடிக்கு மேல் காலில் வைத்திருக்காதீர்கள்.

4. முதல் எல்இடியின் பாசிட்டிவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனையிலிருந்து சிவப்பு ஒயர். மூன்றாவதன் நெகட்டிவிலிருந்து கறுப்பு ஒயர். இரண்டும் பட்டியின் ஒரு ஓரத்தால் வெளியே வரட்டும்.

5. திருகைப் பட்டிக்குள் வைக்க வேண்டாம். ஈரம் பட்டால் கரகரக்கும். அடாப்டர் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சிவப்பு ஒயரைப் பாதியில் வெட்டி, ஒரு முனையைத் திருகின் நடுக்காலிலும் மற்றதை ஓரக்கால் ஒன்றிலும் சாலிடர் செய்தால் போதும். மூன்றாவது கால் சும்மா இருக்கலாம். குமிழைத் திருப்பும் திசை தலைகீழாகத் தோன்றினால் ஓரக்காலை மாற்றிப் போடுங்கள்.

6. ஒயரின் இரு முனைகளையும் டிசி பின்னின் ஸ்க்ரூக்களில் இறுக்குங்கள், சிவப்பு பிளஸ்ஸில். பெரும்பாலான அடாப்டர்களில் நடு ஊசி பாசிட்டிவ். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் சின்னப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

7. மின்சாரம் கொடுங்கள். எரியவில்லையா? பத்தில் ஒன்பது தடவை ஒரு எல்இடி தலைகீழாக இருக்கும். எரிந்தால் திருகை முழு வெளிச்சத்துக்கு வைத்து, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனையிலும் தொடுங்கள். 3.3 வோல்ட் காட்டினால் ஓடுவது 3.3 மில்லி ஆம்பியர். 1 கிலோ ஓம் போட்டதில் இப்படி ஒரு சௌகரியம், வகுக்கவே வேண்டாம்.

8. ஒரு நாள் முழுக்க மேஜை மேலேயே எரியவிடுங்கள். எங்கும் சூடு தெரியக்கூடாது. அடாப்டர் வெதுவெதுப்பாக இருப்பது சரி, கை வைக்க முடியாமல் சுட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

9. கடைசியாக அடைப்பு. துளைகளின் ஓரம், பட்டியின் இரு முனை, ஒயர் வெளியேறும் இடம் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். தொட்டி ஒட்டும் சிலிகானில் வினிகர் வாடை வரும். அதிலிருந்து வெளியேறும் அமிலம் செம்பை அரிக்கும். வெறும் கம்பி, சாலிடர் தெரியும் இடத்தில் அது படக்கூடாது. வாடை இல்லாத நியூட்ரல் சிலிகானோ எம்-சீலோ போதும். குளூ கன் பசை, ஹூட்டுக்குள் இருக்கும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் நாளடைவில் விட்டுவிடும்.

வேலை முடிந்ததும் வெட்டிய ஒயர்த் துண்டு, ஈயத் துளி எதுவும் தொட்டிப் பக்கம் போகாதபடி பெருக்குங்கள், கையையும் கழுவுங்கள். செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். சின்னத் துண்டு மணலில் புதைந்தால் காரணம் தெரியாமலேயே இறால்கள் போய்க்கொண்டிருக்கும்.

எங்கே பொருத்துவது?

பலரும் தொட்டியின் முழு நீளத்துக்கும் சமமாக வெளிச்சம் விழும்படி வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டியை ஒரு ஓரமாக, பாதித் தொட்டிக்கு மேலே வையுங்கள். மறுபாதி இருட்டாக இருக்கட்டும். கட்டை, குகை, அடர்ந்த செடி எல்லாம் அந்த இருட்டுப் பக்கம். வெளிச்சம் பிடிக்காத மீன் அங்கே ஒதுங்கும், பிடித்தது வெளியே வரும். எந்த மீன் எங்கே நிற்கிறது என்று சில இரவுகள் பார்த்தாலே, வெளிச்சம் அதிகமா குறைவா என்பதும் தெரிந்துவிடும்.

நீர்மட்டத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் மேலே இருந்தால் நல்லது. மூடிக் கண்ணாடி இருந்தால் அதற்கு மேலே. எல்இடி நேரே நம் கண்ணில் படாதபடி லேசாகப் பின்பக்கம் சாய்த்து வையுங்கள்.

மூன்றே எல்இடி எதற்கு என்றால், மணலில் ஓடும் அந்த அலைக்கோடுகளுக்காக. வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வந்தால்தான் நீரின் ஒவ்வொரு சலனமும் அடியில் கோடாக விழும். வரிசையாக அறுபது எல்இடி எரிந்தால் ஒன்றின் கோட்டை இன்னொன்று அழித்துவிடும். தட்டையான வெளிச்சம்தான் மிஞ்சும். உப்புத்தாளை ரொம்பத் தேய்க்க வேண்டாம் என்றதும் இதனால்தான். ஃபில்டரின் நீர் மேற்பரப்பை லேசாக அசைக்கும்படி வைத்தால் கோடுகள் அழகாக ஓடும். ஏர் ஸ்டோன் குமிழிகள் நேர்கீழே இருந்தால் கோடு சிதறும். அதை இருட்டுப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

எவ்வளவு திருகுவது?

செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இந்த மங்கலில் வேலைக்காகாது; பெரும்பாலும் பூஜ்யம் காட்டும். கண்ணே கருவி. அறை விளக்கு, டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருபது நிமிடம் இருட்டில் இருங்கள், போனையும் பார்க்காமல். பிறகு திருகைக் குறைந்த முனையிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். மீனின் உருவமும் அசைவும் தெரிந்து, நிறம் பாதி மட்டும் தெரிந்தால் நிறுத்திவிடலாம். தொட்டிப் பக்கத்தில் செய்தித்தாளைப் பிடித்துச் செய்திகளைப் படிக்க முடிந்தால் அது அதிகம்.

அறைக்குள் வந்த உடனே பார்த்தால் விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் வரும். ஏற்றிவிடத் தோன்றும். ஏற்றாதீர்கள், ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு தொட்டிமேல் விழுகிற வீடாக இருந்தால் இந்த விளக்கே தேவையில்லை. அங்கே வேண்டியது திரைச்சீலை.

டைமர்

கையால் போட்டு அணைக்கலாம்தான், ஆனால் மறந்துவிடுவோம். 15 நிமிடத்துக்கு ஒரு பல் வைத்த சுழலும் டைமர் மலிவு. மின்வெட்டு வந்தால் அவ்வளவு நேரம் பின்தங்கிவிடும், அடிக்கடி சரிசெய்ய வேண்டும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் இந்த விஷயத்தில் மேல்.

பெரிய விளக்கு மதியம் 1 மணி முதல் இரவு 9 மணி வரை என்று வைத்துக்கொள்வோம். நிலா விளக்கு 8:30க்கே எரியட்டும். 9 மணிக்குப் பெரியது அணையும்போது முழு இருட்டு வராது. அப்புறம் நீங்கள் தூங்கப் போகும் நேரம், 11 மணிக்கோ 11:30க்கோ, நிலாவும் அணைய வேண்டும். அதன்பின் காலை வரை இருட்டுதான். கெளுத்திகளுக்கும் சக்கருக்கும் மூழ்கும் தீனியை 9 மணிக்குப் பிறகு போட்டால், பகல் மீன்கள் பங்குக்கு வராமல் அவை நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்க்கலாம்.

மின்வெட்டுக்குப் பவர் பேங்க்கில் ஓட்டலாமா என்றால், பெரும்பாலும் முடியாது. இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்ததும் எதுவும் செருகவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்க்குகள் தானே அணைந்துவிடும். ரௌட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் சரிவரும்.

சாலிடர் வராதவர்களுக்கு

12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடிக்கு ஒருமுறை கத்தரிக்கோல் குறி இருக்கும். சிலிகான் பூசிய ஸ்ட்ரிப்பில் அப்படி ஒரே ஒரு துண்டை மட்டும் கடைக்காரரிடமே வெட்டி, இரண்டு ஒயர் சாலிடர் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்பு ஒயருக்கும் டிசி பின்னுக்கும் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் திருகையும் ஸ்க்ரூ கனெக்டரால் சேர்த்தால் வேலை முடிந்தது. வெட்டிய முனையை மட்டும் நன்றாக அடைக்க வேண்டும். அலைக்கோடு கொஞ்சம் குறைவாகத் தெரியும், மற்றபடி குறையில்லை.

பிறையும் பௌர்ணமியும்

நிலவு ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு வர சுமார் 29.5 நாள். தொட்டி நிலாவையும் அப்படியே வளரவும் தேயவும் விடலாம். அதற்குக் கணினி எதுவும் வேண்டாம், சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறது. தாள் கிழிக்கும்போது திதியைப் பார்த்துத் திருகைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அமாவாசையன்று அணைத்துவிடுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: அரை நிலவு என்பது பௌர்ணமியில் பாதி வெளிச்சம் இல்லை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் பௌர்ணமியை ஒட்டிய ஐந்தாறு நாள்தான் விளக்கு நன்றாகத் தெரியும்.

ஆர்டுயினோ (நாமே நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) தெரிந்தவர்கள் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லோடு சேர்த்து இதைத் தானியங்கியாக்கலாம். 2000 ஜனவரி 6 அமாவாசை. அன்றிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணி 29.53ஆல் வகுத்தால் வரும் மீதிதான் நிலவின் வயது. அதைக் கோசைன் வளைவில் போட்டு 0 முதல் 1 வரை ஒரு எண்ணாக்கி, அதன் மூன்றாம் அடுக்கை எடுத்தால் உண்மையான நிலவின் ஏற்ற இறக்கத்துக்கு நெருக்கமாக வரும்.

நன்னீர்த் தொட்டியில் இதெல்லாம் நம் ஆசைக்கு. பவளத் தொட்டியில் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பவளங்கள் ஆண்டுக்கொரு முறை பௌர்ணமிக்குப் பிந்தைய இரவுகளில் ஒன்றாக முட்டையிடுகின்றன. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தினர் பருவ வெப்பம், பகல் நீளம், நிலவின் சுழற்சி மூன்றையும் விளக்குகளால் போலச் செய்தே மூடிய தொட்டியில் பவளங்களை முட்டையிட வைத்தார்கள். அந்த முறையை 2017இல் வெளியிட்டார்கள்.

முட்டை இருக்கும்போது

க்ளவுன் மீன் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதன் முட்டைகள் இருட்டிய பிறகே பொரிக்கும். 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், இரவிலும் செயற்கை வெளிச்சம் பட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பொரிக்கும் நாள் நெருங்கினால் நிலா விளக்கைப் போடவே வேண்டாம். ஏஞ்சல், டிஸ்கஸ் வளர்ப்பவர்களிடம் நேர்மாறான பழக்கம் உண்டு. தாய் தந்தை முட்டையைக் காவல் காக்க வசதியாக மங்கலான விளக்கை இரவெல்லாம் விடுவார்கள். அந்த ஜோடி தனித் தொட்டியில் இருந்தால் சில நாட்களுக்கு அப்படி விடலாம்.

பழுது வந்தால்

மூன்றும் ஒரேயடியாக அணைந்துவிட்டால் ஒரு எல்இடி போயிருக்கும் அல்லது ஒரு சாலிடர் விட்டிருக்கும். பட்டியைத் தொட்டியிலிருந்து கீழே இறக்கி, மின்சாரம் இருக்கும்போதே ஒவ்வொரு எல்இடியின் இரு கால்களையும் ஒயர்த் துண்டால் ஒரு கணம் இணையுங்கள். எதை இணைக்கும்போது மற்ற இரண்டும் எரிகின்றனவோ அதுதான் கெட்டது. 12 வோல்ட்தான், 1 கிலோ ஓம் காவல் இருக்கிறது, பயம் வேண்டாம்.

விட்டுவிட்டு எரிந்தால் திருகைச் சந்தேகப்படுங்கள். இரு முனைக்கும் பத்து முறை வேகமாகத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும், இல்லாவிட்டால் புதிது போடலாம். பட்டிக்குள் பனி போல நீர் படிந்தால் அடைப்பு எங்கோ விட்டிருக்கிறது. கழற்றி, வெயிலில் காயவைத்து, மறுபடி அடையுங்கள். எல்இடியின் காலில் பச்சை படிந்திருந்தால் சுரண்டிச் சமாளிக்க வேண்டாம். இரண்டு, மூன்று ரூபாய்ச் சாமான், மாற்றிவிடுங்கள்.